கம்பிவடம் வந்தது, உரிமை வரவில்லை

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு 1,224 கோடி ரூபாய். கம்பிவடம் தேவைதான், அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அதன் மறுமுனையில் ஒரு பார்வையற்ற கலைஞர் மின்னணுக் கீபோர்டின் முன் அமர்ந்தால், ‘டிஜிட்டல் இந்தியா’வில் அவருக்கு இடமுண்டா?

ஆர்மோனியம் பார்வையற்றவரை விலக்கியதில்லை. கட்டையும் துருத்தியும் விரலுக்குத் தெரியும். டிஜிட்டல் கீபோர்டிலோ நூற்றுக்கணக்கான ஒலிகளும் தாளங்களும் சுருதி மாற்றமும் ஒரு சிறு திரைக்குள் அடைபட்டுள்ளன. ஒரே பொத்தான் திரைக்குத் திரை வேறு வேலை செய்கிறது. தொடுதிரை வந்தபின் அந்தப் பொத்தானும் போயிற்று; தடவிப் பார்க்க வழவழப்பான கண்ணாடிதான் மிச்சம். கை விரல்கள் இயங்காதவர்க்கு அதுவும் இல்லை. நன்கு வாசிக்கத் தெரிந்தவரும் புல்லாங்குழல் ஒலியிலிருந்து வயலின் ஒலிக்கு மாறப் பார்வையுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருவிழா மேடையில் கிடைக்கும் சொற்பக் கூலியில் இன்னொருவருக்கும் பங்கு!

ஆகவே இது வேலையும் கூலியும் சார்ந்த பிரச்சனை. மறைந்த பாடகர் கோமகன் பார்வையற்ற கலைஞர்களைக் கொண்டு இசைக்குழு நடத்தியவர். 2004இல் ‘ஆட்டோகிராப்’ படப் பாடல் காட்சியில் தமிழகம் அவரைக் கண்டது, கண்கலங்கியது. கருவிகளை மாற்றச் சொல்லி எவரும் கேட்கவில்லை.

தொழில்நுட்பம் இல்லை என்பது பொய். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவருடன் சேர்ந்து வளர்த்த ‘என்விடிஏ’ திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசுகிறது. அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் டே, ‘ரீப்பர்’ இசைப்பதிவு மென்பொருளைப் பார்வையற்றோர் கையாள ‘ஒசாரா’ என்ற இணைப்பையும் உருவாக்கி இலவசமாக அளித்தார். தனிமனிதர் உழைப்பால் முடிந்தது பன்னாட்டு நிறுவனங்களால் முடியாதா? லாபம் தராத மனிதர் அவர்களின் வடிவமைப்பு மேசையில் கணக்கிலேயே வருவதில்லை.

அன்றாடப் பயன்பாட்டு மின்னணுப் பொருட்கள் அனைவருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. கீபோர்டு அன்றாடப் பொருளா என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். அதை வாசித்துச் சோறு உண்பவருக்கு வேறெது அன்றாடப் பொருள்? அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக்கி வைத்திருந்த 15ஆம் விதியை 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாத அவகாசம் அளித்தது.

அந்தமானில் சட்டமன்றம் கிடையாது. துணைநிலை ஆளுநர் வழியாக ஒன்றிய அரசே நேரடியாக ஆள்கிறது. மாநில அரசின் மீது பழிபோட இங்கே வழியில்லை. கிரேட் நிக்கோபாரின் காடுகளை அழிக்கும் திட்டத்துக்கு 72,000 கோடி ரூபாய் மதிப்பிட்ட அரசு, நிதி இல்லை என்றும் சொல்ல முடியாது. போர்ட் பிளேயரின் பெயரை மாற்றும் கோப்பு மட்டும் எவ்வளவு வேகமாக நகர்ந்தது!

தீவுகளின் பள்ளிகளுக்கும் பண்பாட்டு நிலையங்களுக்கும் பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு மின்னணு இசைக்கருவியிலும் பேசும் மெனு, தொட்டறியும் பொத்தான், கை இயங்காதவர்க்கான சுவிட்ச் இணைப்பு ஆகியவற்றை டெண்டரின் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். வாங்குமுன் மாற்றுத்திறனாளிக் கலைஞர்களே அக்கருவியைச் சோதித்து ஒப்புதல் தரவேண்டும். அந்த வேலைக்கு ஊதியமும் தரப்பட வேண்டும்.