செந்நாய்க் குடும்பம்



நாய்க்கூட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதி மக்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான். தொழிற்பேட்டையில் இரவு முறை வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பும் தந்தையரைத் தெருமுனையில் வழிமறித்துக் குரைக்கும் கூட்டமே அது. ஆகவே, காட்டிலும் நாய்கள் உண்டு, அவை கூட்டமாய்ச் சேர்ந்து மானைத் துரத்திக் கொல்லும் என்று பிள்ளைகள் படித்துவிட்டு வந்து சொல்லும்போது, "அதைவிடக் கொடிய பிராணி வேறு உண்டா?" என்று பெரியவர்கள் கேட்பது இயல்பே. அந்தக் காட்டு நாயைப் பற்றி, செந்நாய் என்று நம் முன்னோர் பெயரிட்ட அந்த விலங்கைப் பற்றி, இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். செந்நாய் நம் தெருநாயின் காட்டு உருவம் அன்று. தெருநாய் ஓநாயின் வழிவந்தது. செந்நாயோ தனி இனம். தெருநாய்க்கு 42 பற்கள், செந்நாய்க்கு 40. அதன் உடல் செம்மண் நிறமானது. வால் கறுத்து அடர்ந்தது. எடை ஏறத்தாழ 12 முதல் 20 கிலோ வரைதான். வீட்டு நாயைப் போல் அது குரைப்பதில்லை. அடர்ந்த புதரில் பிரிந்துவிட்ட தன் கூட்டத்தாரைச் சீழ்க்கை ஒலியால் அழைத்துச் சேர்க்கிறது. சங்கப் புலவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். பாலை நிலத்தில் செந்நாய் தோண்டிக் குடித்து மிஞ்சிய நீரைப் பற்றிக் குறுந்தொகையில் ஒரு பாடலே உண்டு.

இத்தகைய விலங்குக்குக் கெட்ட பெயர் எவ்வாறு வந்தது? ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வேட்டைத் துப்பாக்கியுடன் காட்டுக்குச் சென்ற துரைமார்கள், தாங்கள் சுட விரும்பிய மான்களைச் செந்நாய் கொன்றுவிடுவதைக் கண்டு வெகுண்டனர். அது கொல்லும் முறையும் அவர்களுக்கு அருவருப்பூட்டியது. இரண்டு மூன்று செந்நாய்கள் 50 கிலோ எடையுள்ள மானை இரண்டு நிமிடங்களுக்குள் வீழ்த்திவிடும். அதன் உயிர் பிரியுமுன்னரே உண்ணவும் தொடங்கிவிடும். கிப்ளிங் எழுதி 1895இல் வெளிவந்த இரண்டாம் காட்டு நூலிலும் செந்நாய்க்கூட்டம் காட்டையே அழிக்க வரும் படையாகச் சித்திரிக்கப்பட்டது. செந்நாயைக் கொன்று கொண்டுவருவோருக்கு 25 ரூபாய் வெகுமதி அளிக்கப்பட்டது. அது அந்நாளில் பெருந்தொகை. கொண்டுவரப்பட்ட உடல்களின் எண்ணிக்கை மிகுந்துவிட்டதால், 1926இல் அவ்வெகுமதி 20 ரூபாயாகக் குறைக்கப்பட்டது என்றால், எத்தனை உயிர்கள் மாண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரே இவ்வழக்கம் ஒழிந்தது.

இத்தீர்ப்பை எழுதியவர்கள் கண்டதெல்லாம் கொலை நிகழ்ந்த அந்த இரண்டு நிமிடங்களை மட்டுமே. மீதி நேரத்தில் செந்நாய் என்ன செய்கிறது என்று காத்திருந்து பார்த்தவர் மிகச் சிலர். அச்சிலருள் முன்னிற்போர் இருவரும் தமிழகத்தவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். ஒருவர் நீலகிரியில் வழக்கறிஞராய் இருந்த ஈ. ஆர். சி. தாவீதார். மற்றவர் நான்குநேரியில் பிறந்த ஏ. ஜே. டி. ஜான்சிங். சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராய்ப் பணியாற்றிய ஜான்சிங், 1976 முதல் 1978 வரை முதுமலையை அடுத்த பந்திப்பூர்க் காட்டில் தங்கிச் செந்நாய்களைப் பின்தொடர்ந்தார். இந்திய விஞ்ஞானி ஒருவர் பெரிய காட்டு விலங்கொன்றை அதன் இருப்பிடத்திலேயே ஆராய்ந்த முன்னோடி முயற்சிகளில் அதுவும் ஒன்று. பின்னர் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கிய அவர், 2024 ஜூன் மாதம் மறைந்தார்.

அவர் கண்டவை யாவை? செந்நாய் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் பகலொளியிலேயே வேட்டையாடுகிறது. புறப்படுமுன் கூட்டத்தார் ஒன்றையொன்று முகர்ந்து, உரசி, சிறிது நேரம் விளையாடிக் கொள்கின்றன. பின்னர் வரிசையாகப் பரந்து புதர்களினூடே நடக்கின்றன. சில வேளைகளில் ஒரு பகுதி புதருக்குள் நுழைந்து மானைக் கிளப்ப, மறுபகுதி அது வெளியேறும் வழியில் காத்து நிற்கிறது. மைல் கணக்கில் ஓடி மானைக் களைப்புறச் செய்யும் என்ற பழைய நம்பிக்கைக்கு மாறாக, பெரும்பாலான துரத்தல்கள் 500 மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுவதையும் அவர் கண்டார். தனி ஒரு செந்நாய் சிறியது. கடமானை எதிர்த்து அதனால் நிற்க இயலாது. ஒன்று கிளப்ப, ஒன்று மறிக்க, ஒன்று பற்ற, எல்லாமாய்ச் சேர்ந்தே அன்றைய உணவை ஈட்டுகின்றன.

கொல்லும் முறைக்கும் காரணம் உண்டு. புலியைப் போல் தொண்டையைக் கவ்வி நெரிக்கும் உடல் வலிமை செந்நாய்க்கு இல்லை. பல வாய்கள் சேர்ந்து பற்றி இழுப்பதொன்றே அதற்குக் கைவந்த வழி. விரைந்து உண்ணவில்லையென்றால் புலியோ சிறுத்தையோ வந்து பறித்துக்கொள்ளும். மனிதரும் பறிப்பதுண்டு. நீலகிரியின் குறும்பர்கள் செந்நாய் வீழ்த்திய மானின் இறைச்சியை எடுத்துக்கொள்வது வழக்கமாய் இருந்தது. ஆகவே நம் கண்ணுக்குக் கொடுமையாகத் தோன்றுவது, அதற்குப் பிழைப்பு.

வேட்டை முடிந்தபின் நடப்பதே நாம் கட்டாயம் அறிய வேண்டியது. கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு தாய்தான் குட்டி ஈனுகிறது. ஆனால் வளர்ப்பது அத்தாய் மட்டுமன்று. வேட்டைக்குச் சென்றவை வளைக்குத் திரும்பி வந்து, தாம் உண்ட இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டுகின்றன; பாலூட்டும் தாய்க்கும், குட்டிகளைக் காவல் காத்து நின்ற செந்நாய்க்கும் அவ்வாறே பங்கு கிடைக்கிறது. குட்டிகள் வளர்ந்து வேட்டைக்களத்துக்கு உடன் வரத் தொடங்கியதும், பெரியவை விலகி நிற்கக் குட்டிகளே முந்தி உண்கின்றன. நம் வீடுகளில் சிற்றப்பாவும் அத்தையும் தம் உடன்பிறந்தார் பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்பதை இது நினைவூட்டவில்லையா? 25 ரூபாய்க்காகச் சுடப்பட்டவை இத்தகைய சிற்றப்பன்மாரும் அத்தைமாருமே.

இனி, புகைப்படக் கருவியின் பங்கைப் பார்ப்போம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தவருமான மா. கிருஷ்ணன் (1912–1996), தாமே பாகங்களைச் சேர்த்து அமைத்த கனத்த கேமராவுடன், நடந்தும் யானைமீது அமர்ந்தும் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அவர் வழியில் வந்தவர்கள் மைசூரைச் சேர்ந்த கிருபாகர், சேனானி என்னும் இரு நண்பர்கள். 1997 அக்டோபரில் வீரப்பன் அவர்களைக் கடத்திச் சென்று 14 நாட்கள் காட்டில் வைத்திருந்தான். விடுபட்டு வந்த பின்னும் அவர்கள் காட்டை விட்டுவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் செந்நாய்க் குடும்பங்களைப் பின்தொடர்ந்து அவர்கள் எடுத்த திரைப்படம், 2010இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாண்டா விருது பெற்றது. துப்பாக்கி எழுதிய தீர்ப்பை நோட்டுப் புத்தகமும் கேமராவும் சேர்ந்து திருத்தின எனலாம்.

ஆயினும் கேமராவும் பொய்ச்சான்று சொல்லக் கூடும். இன்று மான் ஒன்று கிழிபடும் அரை நிமிடக் காட்சி கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் பாய்கிறது. பார்ப்போர் "என்ன கொடூரம்!" என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றனர். அக்காட்சி உண்மையே, ஆனால் முழு உண்மை அன்று. அதற்குமுன் நடந்த விளையாட்டையும், அதற்குப்பின் வளையில் நடந்த ஊட்டலையும் அது காட்டுவதில்லை. நூறாண்டுகளுக்கு முன் துரைமார்கள் கண்ட அதே இரண்டு நிமிடங்களை நாமும் கண்டு, அதே தீர்ப்பை வழங்கினால், அவர்கள்மேல் குறை கூற நமக்கு ஏது உரிமை?

இத்தீர்ப்பு வெறும் பேச்சளவில் நிற்பதும் அன்று. உலகம் முழுவதும் இனம் பெருக்கத்தக்க பருவமெய்திய செந்நாய்கள் 949 முதல் 2215 வரையே எஞ்சியுள்ளன என்பது 2015ஆம் ஆண்டின் மதிப்பீடு. நம் பகுதியிலுள்ள ஒரு பெரிய பள்ளியின் மாணவர் எண்ணிக்கைகூடத் தேறாது! காடு சுருங்குவதும் மான் குறைவதும் பெருங்காரணங்கள். மற்றொரு காரணம் நம் வாசற்படிவரை வருகிறது. காட்டோரத்தில் திரியும் ஊர் நாய்களிடமிருந்து வெறிநோயும் டிஸ்டம்பர் எனும் நோயும் காட்டு விலங்குகளுக்குத் தொற்றுகின்றன. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிக் காட்டில் 1994இல் டிஸ்டம்பர் நோய்க்கு அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலியாயிற்று. சிங்கத்துக்கே அக்கதி என்றால், ஒன்றையொன்று முகர்ந்தும் கக்கி ஊட்டியும் வாழும் செந்நாய்க் குடும்பத்தின் கதி என்னாகும்?

நம் அம்பத்தூர், ஆவடி நிலையங்களின் வழியே இரவுதோறும் நீலகிரி விரைவு வண்டி ஓடுகிறது. கோடை விடுமுறையில் நம் குடும்பங்களும் அதில் ஏறி உதகைக்கும் முதுமலைக்கும் செல்கின்றன. செல்வோர் சிலவற்றை மனத்தில் கொள்ளுதல் நலம். காட்டுச் சாலையில் செந்நாய்க்கூட்டம் கண்ணில் பட்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். கூச்சலிட்டோ சீழ்க்கையடித்தோ அதை அழைக்காதீர்கள். நல்ல படம் வேண்டுமென்று ஜீப் ஓட்டுநரை நெருங்கிச் செல்லத் தூண்டாதீர்கள். வளையருகே மனிதர் நடமாட்டம் மிகுந்தால் தாய் தன் குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு வேறிடம் தேட நேரிடும். கிடைக்காத படத்தால் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை. குலைந்த குடும்பத்தால் காட்டுக்கு நட்டம் உண்டு. வீட்டில் நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் அதற்குத் தடுப்பூசி போடுங்கள். வளர்க்க இயலவில்லையென்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்கள் தெருவில் ஒரு சிறுவன் ஒருநாள் சண்டையிட்டதைப் பார்த்து "அவன் முரடன்" என்று முடிவு கட்டிவிடுவது எளிது. அவன் வீட்டில் தம்பிக்குச் சோறூட்டுவதை நீங்கள் பார்த்ததுண்டா? ஜான்சிங் செந்நாயை இரண்டு ஆண்டுகள் பார்த்தார். நாம் ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் இரண்டு நாட்களேனும் பொறுத்துப் பார்க்கலாம் அல்லவா?