புது போனில் ஆபீஸ் மெயில்: 'ஓகே' தட்டும்போது எதற்கெல்லாம் சம்மதிக்கிறோம்?

புது போன் வாங்கியாச்சு. பழைய போனிலிருந்து போட்டோ, கான்டாக்ட், வாட்ஸ்அப் எல்லாம் வந்தாச்சு. அடுத்து ஆபீஸ் மெயில். ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் ஒரு திரை வருகிறது. இந்தச் சாதனத்தை நிர்வகிக்க உங்கள் நிறுவனம் அனுமதி கேட்கிறது என்று சொல்லி, கீழே நாலைந்து வரிகள். பத்து மணி மீட்டிங்குக்கு லிங்க் வேண்டும் என்ற அவசரத்தில், பெரும்பாலும் அதைப் படிக்காமலேயே 'ஓகே' தட்டிவிடுகிறோம்.

அந்த நாலைந்து வரிகளில் ஒன்று, 'எச்சரிக்கை இல்லாமல் போனில் உள்ள எல்லாத் தரவையும் அழிக்கலாம்' என்பதாக இருக்கலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவும் அந்த 'எல்லா'வில் அடக்கம்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளை 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. இனி நம் தரவுக்குச் சட்டமே காவல் என்று நினைக்கலாம். ஆனால் நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் நடுவில் வரும்போது கதை கொஞ்சம் வேறு. என்ன வித்தியாசம்? நம் போனில் நிறுவனத்தின் கை எவ்வளவு தூரம் நீளும்? விரிவாகப் பார்ப்போம்.

'சிங்க்' செய்தால் உள்ளே என்ன நடக்கிறது?

மெயில், காலண்டர், ஃபைல் மூன்றும் ஒன்றாக வந்து சேர்வதுபோலத் தெரிந்தாலும், வழிகள் வேறு வேறு. ஐமேப் என்ற பழைய முறையில் மெயில் மட்டும்தான் வரும். காலண்டரும் கான்டாக்ட்டும் சேர்ந்து வர வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் போன்ற முறை தேவை, அல்லது கூகுள், அவுட்லுக், ஜோஹோ போன்ற நிறுவனங்களின் சொந்த ஆப் தேவை. ஃபைல்களுக்கு ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி தனி ஆப்.

முன்பெல்லாம் பாஸ்வேர்டு மட்டும் கொடுத்தால் போதும். தன் ஆன்லைன் எக்ஸ்சேஞ்ச் சேவையில் அந்த வழியை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து மூட ஆரம்பித்தது. கூகுளும் தன் நிறுவனக் கணக்குகளில் அதையே செய்தது. இப்போது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வேண்டும். அதோடு பல நிறுவனங்களில் 'இந்த போனை நம்பலாமா?' என்ற சோதனையும் உண்டு. அனுமதித் திரை வருவது இந்த இடத்தில்தான்.

இதன் அளவு சின்னதல்ல. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் கணக்குகள், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் தளத்துக்கு மாறியிருப்பதாக 2025 அக்டோபரில் செய்திகள் வந்தன. ஊழியர்களின் போன்களை நிர்வகிக்கும் மென்பொருளையும் அதே ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு விற்கிறது. மெயில் எங்கே போகிறதோ, போன் மீதான கட்டுப்பாடும் பின்னாலேயே போகிறது.

நிறுவனத்தின் கை எவ்வளவு தூரம் நீளும்?

இது நீங்கள் எந்த வழியில் கணக்கைச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சொந்த போன் வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

*ஒன்று, ஆப் மட்டும்.* அவுட்லுக், டீம்ஸ் போன்ற ஆப்களுக்குள் மட்டும் நிறுவனத்தின் விதிகள் இருக்கும். ஆப் திறக்கத் தனி பின் கேட்கும். ஆபீஸ் மெயிலில் இருப்பதை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்ட விடாது. வேலையை விட்டால் அந்த ஆப்களில் உள்ள ஆபீஸ் தரவு மட்டும் அழியும். போனின் மற்ற பகுதியில் கை படாது.

*இரண்டு, தனி அறை.* ஆண்ட்ராய்டில் இதற்கு 'ஒர்க் புரொஃபைல்' என்று பெயர். 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5-லிருந்து இருக்கிறது. ஆபீஸ் ஆப்களின் ஐகானில் சின்னதாக ஒரு சூட்கேஸ் படம் இருக்கும். ஒரே வீட்டில் ஒரு அறையை ஆபீசுக்கு வாடகைக்கு விட்ட மாதிரி. அந்த அறையை அவர்கள் காலி செய்யலாம், ஆனால் ஹாலுக்குள் வர முடியாது. ஐபோனில் இதே மாதிரியான ஏற்பாடு 2019-ல் ஐஓஎஸ் 13-உடன் 'யூசர் என்ரோல்மென்ட்' என்ற பெயரில் வந்தது.

*மூன்று, முழு போனும்.* போன் முழுவதையும் நிறுவனத்தின் நிர்வாகத்தில் பதிவு செய்வது. ஆபீஸே வாங்கிக் கொடுத்த போன் என்றால் இது நியாயம். சொந்தக் காசில், இஎம்ஐ கட்டி வாங்கிய போனில் இதைச் செய்தால், முழு போனையும் தூரத்திலிருந்தே அழிக்கும் அதிகாரம் அவர்களிடம் போய்விடலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது வழியில் போகாமலேயே அந்த அழிக்கும் அதிகாரத்தை நாம் கொடுத்துவிட முடியும். போனிலேயே வரும் மெயில் ஆப்பில் எக்ஸ்சேஞ்ச் கணக்கைச் சேர்த்தால், நிர்வாகி அனுப்பும் 'வைப்' கட்டளை மொத்த போனையும் ஃபேக்டரி ரீசெட் செய்ய வாய்ப்பு உண்டு. அதே கணக்கை அவுட்லுக் ஆப்பில் சேர்த்தால், அந்தக் கட்டளை அவுட்லுக்குள் இருப்பதை மட்டும்தான் அழிக்கும். ஒரே மெயில், ஒரே பாஸ்வேர்டுதான். எந்த ஆப் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம்!

அவர்கள் எதைப் பார்க்க முடியும்?

'மேனேஜர் என் வாட்ஸ்அப்பைப் படிப்பாரா?' என்பதுதான் பலரின் முதல் பயம். ஒர்க் புரொஃபைல், யூசர் என்ரோல்மென்ட் இரண்டிலும் முடியாது. உங்கள் சொந்த ஆப்கள், போட்டோ, எஸ்எம்எஸ், கால் விவரம், பிரவுசிங் எதுவும் நிறுவனத்துக்குத் தெரியாது. போனின் மாடல், இயங்குதளத்தின் பதிப்பு, ஸ்கிரீன் லாக் இருக்கிறதா, ஆபீஸ் பகுதியில் என்னென்ன ஆப் இருக்கிறது என்பது போன்ற விவரங்கள் தெரியும்.

முழு போனையும் பதிவு செய்தால் நிலைமை மாறும். என்னென்ன ஆப் வைத்திருக்கிறோம் என்ற பட்டியல்கூட அங்கே போகலாம். டேட்டிங் ஆப், வேலை தேடும் ஆப், நோய்க்கான மாத்திரையை நினைவூட்டும் ஆப்... பெயர்ப் பட்டியலே ஒரு மனிதரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

எந்த வழியாக இருந்தாலும் ஒன்று மாறாது. ஆபீஸ் கணக்கில் போகிற மெயில், காலண்டர் குறிப்பு, டிரைவ் ஃபைல் எல்லாம் நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கும். அதைப் பார்க்க அவர்களுக்கு உங்கள் போனே தேவையில்லை. ஆபீஸ் காலண்டரில் 'டாக்டர் அப்பாயின்ட்மென்ட்' என்று போடும்போது இதை யோசிச்சுக்கோங்க.

நிறுவனம் இதை ஏன் கேட்கிறது?

இதில் நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. வங்கிக்கோ மருத்துவமனைக்கோ மென்பொருள் செய்து தரும் கம்பெனி ஊழியரின் போன் பஸ்ஸில் தொலைந்தால், தொலைவது போன் மட்டுமல்ல. முகம் தெரியாத ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் விவரங்களும் சேர்ந்து போகலாம். தொலைந்த போனிலிருந்து அவற்றை உடனே அழிக்கும் வசதி இல்லாவிட்டால்தான் ஆபத்து.

புதிய சட்டம் இந்த அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறது. தரவைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அபராதத்துக்குப் பயப்படும் நிறுவனம் முதலில் இறுக்கிப் பிடிக்கப்போவது ஊழியர்களின் போன்களைத்தான்.

அப்படியானால் ஊழியருக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் அமலுக்கு வரும்.

சட்டத்தின் பொதுவான விதி, ஒருவரின் தரவைப் பயன்படுத்த அவரின் சம்மதம் வேண்டும் என்பது. ஆனால் 7-வது பிரிவு, சம்மதம் தேவைப்படாத சில சூழல்களைப் பட்டியலிடுகிறது. வேலைவாய்ப்பு அதில் ஒன்று. வேலை தொடர்பான தேவைகள், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பது, வணிக ரகசியம் கசியாமல் தடுப்பது போன்றவற்றுக்காக ஊழியரின் தரவை அவரிடம் தனியாகச் சம்மதம் வாங்காமலேயே பயன்படுத்தலாம். 'வேலை தொடர்பான' என்பதன் எல்லை எது என்று சட்டம் கோடு போட்டுச் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'என்னைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்கும் உரிமையை 11-வது பிரிவு தருகிறது. ஆனால் சம்மதம் கொடுத்ததன் அடிப்படையில் எடுக்கப்பட்ட தரவுக்குத்தான் அது பொருந்தும். வேலைவாய்ப்பு விலக்கின் கீழ் எடுத்த தரவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கச் சட்டத்தில் நேரான வழி இல்லை. குறைதீர்ப்பு முறைக்குப் போகலாம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பு இருக்கிறது. ஆனால் ஒரு தனியார் நிறுவனத்தின் ஐடி டீம் போனை அழித்த மறுநாள் காலையில் அது கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆக, ஒரே சட்டம் இரண்டு வேலை செய்கிறது. ஊழியரின் போனைக் கட்டுப்படுத்த நிறுவனத்துக்குக் காரணம் தருகிறது. அதற்காக ஊழியரின் சம்மதத்தைக் கேட்கத் தேவையில்லாத சூழலையும் தருகிறது. நடுவில் இருக்கும் ஒரே தடுப்பு, நாம் எந்த வழியில் சிங்க் செய்கிறோம் என்பதுதான்.

ராத்திரி பத்து மணி நோட்டிபிகேஷன்

சிங்க் செய்தால் தரவு மட்டுமல்ல, வேலையும் சேர்ந்து வீட்டுக்கு வருகிறது. வேலை நேரத்துக்குப் பிறகு அழைப்பையும் மெயிலையும் தவிர்க்கும் உரிமைக்காக 2025 டிசம்பரில் மக்களவையில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பும் இதே நோக்கில் ஒரு மசோதா கொண்டுவந்தவர் அவர். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே, கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல் என்பதை நினைத்தால், இதை நம்பிக் காத்திருக்க முடியாது. பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் இந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது.

இங்கே இப்போதைக்குக் கையில் இருப்பது ஒரு பட்டன்தான். ஒர்க் புரொஃபைலை 'பாஸ்' செய்தால் ஆபீஸ் ஆப்கள் அத்தனையும் தூங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும்.

போன் மாற்றும்போது என்ன செய்யலாம்?

வரிசை முக்கியம்:

• பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன், அதில் இருக்கும் ஆதென்டிகேட்டர் ஆப்பைப் புது போனில் வேலை செய்ய வையுங்கள். முதலில் பழைய போனை ரீசெட் செய்துவிட்டால், லாகின் கோடு வர வழியில்லாமல் ஐடி டீமுக்குப் போன் போட வேண்டியிருக்கும்.

• போட்டோ, கான்டாக்ட் மாதிரி ஒர்க் புரொஃபைல் தானாக இடம் மாறாது. புது போனில் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். எந்த வழியில் பதிவு செய்வது என்று மறுபடி தேர்வு செய்ய இதுதான் நல்ல வாய்ப்பு.

• 'எனக்கு ஆப் மட்டும் போதுமா, ஒர்க் புரொஃபைல் உண்டா? போனை அழித்தால் எது அழியும்?' இந்தக் கேள்விகளை ஐடி டீமிடம் மெயிலிலேயே கேளுங்க. பதில் எழுத்தில் இருக்கும்.

• புதிய நம்பரை சேவ் செய்யும்போது அது எந்தக் கணக்கில் போகிறது என்று பாருங்கள். ஆபீஸ் கணக்கில் சேர்ந்த அம்மா நம்பர், வேலையை விடும் நாளில் ஆபீஸ் கணக்கோடு போய்விடும்.

• ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் எந்த கூகுள் கணக்குக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். ஆபீஸ் கணக்காக இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

• ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' பகுதியில் நிறுவனத்தின் புரொஃபைல் இருக்கிறதா என்று தெரியும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் தேடலில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடினால் யாருக்கு அந்த அதிகாரம் கொடுத்திருக்கிறோம் என்று காட்டும்.

• வேலையை விடும்போது, கடைசி நாளுக்கு முன்பே சொந்தப் படங்களையும் நம்பர்களையும் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டு, ஆபீஸ் கணக்கை நீங்களே நீக்கிவிடுங்கள். ஆபீஸ் ஃபைல்களை மட்டும் சொந்தக் கணக்குக்கு எடுத்துப் போகாதீர்கள். அது வேறு வம்பு.

'முழு போனையும் பதிவு செய்தால்தான் மெயில்' என்று நிறுவனம் பிடிவாதமாகச் சொன்னால், ஆபீஸ் போன் கேட்பது தப்பில்லை. போனின் மொத்தக் கட்டுப்பாடும் தனக்கு வேண்டும் என்று நினைக்கும் நிறுவனம், அந்த போனுக்கான காசையும் தானே கொடுப்பதுதான் முறை.