கடைசி வரிசையில் அமர்வது யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும், தேர்வாய் கண்டிகையிலும், திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் பணிபுரியும் நம் பங்குக் குடும்பங்களில், இரு சக்கர வண்டியை விட்டுக் கார் வாங்கும் ஆவல் பெருகி வருவதைக் காண்கிறோம். இதில் குறை காண ஒன்றுமில்லை. மழையில் நனையும் குழந்தையையும், மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய முதியவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்வதன் இடரை அனுபவித்தவர் அறிவர். ஆனால் வாங்குவதென்று முடிவானதும் வீட்டிலே ஒரு விவாதம் எழுகின்றது. தாழ்ந்து நீண்ட செடான் காரை வாங்குவதா, உயர்ந்து நிமிர்ந்து நிற்கும் எஸ்.யூ.வி.யை வாங்குவதா? விவாதிப்போர் பெரும்பாலும் வண்டியை ஓட்டப்போகிறவர்களே. பின்னால் அமரப்போகிறவர்களை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இவ்விரு வகைகளும் நம் மாவட்டத்திற்குப் புதியவை அல்ல. திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து 1998-இல் மிட்சுபிஷி லான்சர் என்னும் செடான் வெளிவந்தது. 2012-இல் அங்கிருந்தே பஜேரோ ஸ்போர்ட் என்னும் பெரிய எஸ்.யூ.வி. வெளிவந்தது. 2021 முதல் சிட்ரோயன் வண்டிகள் திருவள்ளூரிலிருந்து வெளிவரலாயின. ஆகவே இக்கேள்விக்கு விடை தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

வெளியிலிருந்து பார்க்கையில் எஸ்.யூ.வி. பெரிதாகத் தோன்றுகின்றது. பெரிதாகத் தோன்றுவதெல்லாம் உள்ளே விசாலமாக இருக்கும் என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் கால் நீட்டும் இடத்தைப் பெரிதும் தீர்மானிப்பது உயரமன்று. முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை உள்ள தூரம். இதனை வீல்பேஸ் என்பர். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையின் இரு வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். 2023-இல் வந்த வெர்னா செடானுக்கு இத்தூரம் 2670 மில்லிமீட்டர். 2024-இல் வந்த கிரெட்டா எஸ்.யூ.வி.க்கு 2610 மட்டுமே. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் செடானே இங்கு 60 மில்லிமீட்டர் நீண்டது. டிக்கியிலும் அதுவே முந்துகிறது. வெர்னாவுக்கு 528 லிட்டர், கிரெட்டாவுக்கு 433.

அப்படியாயின் எஸ்.யூ.வி.யில் ஏறியவுடன் இடம் தாராளமாக இருப்பதுபோல் தோன்றுவது ஏன்? நாற்காலியில் அமர்வதற்கும், பாயில் கால் நீட்டி அமர்வதற்கும் உள்ள வேற்றுமைதான் காரணம். கூரை உயர்ந்த வண்டியில் ஆசனத்தை உயர்த்தி நிமிர்த்தி வைக்கலாம். நிமிர்ந்து அமர்பவருக்கு நீளம் குறைவாகவே போதும். கூரை தாழ்ந்த செடானிலோ ஆசனமும் தாழ்ந்தாக வேண்டும். அமர்பவர் சற்றுச் சாய்ந்து காலை முன்னே நீட்டியாக வேண்டும். அந்த நீளம் இருக்கும்வரை அதில் இன்னல் ஒன்றுமில்லை. இளைஞர்களுக்கு அது சுகமாகவும் இருக்கலாம்.

முழங்கால் வலியுள்ள முதியவருக்கோ அது வேறு செய்தி. ஆசனம் முழங்காலுக்குக் கீழே தாழுமானால், அமர்வது விழுவதாகிறது. எழுவது குந்தி எழுவதாகிறது. கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, ஒரு கையால் கதவையும் மறு கையால் பேரனையும் பற்றிக்கொண்டு எழும் பாட்டியை நாம் கோவில் வாசலிலே எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! இத்தகையோர் தம் வலியைச் சொல்வதில்லை. அடுத்த முறை குடும்பம் வேளாங்கண்ணிக்குப் புறப்படும்போது, "நீங்கள் போய் வாருங்கள், வீட்டுக்குக் காவல் வேண்டாமா?" என்று சொல்லித் தங்கிவிடுகிறார்கள். வண்டி வாங்கிய மகனும் அதை உண்மையென்றே நம்பிவிடுகிறான்.

இங்கே பழைய அம்பாசிடரை நினைவுகூராதிருக்க இயலவில்லை. அதன் வீல்பேஸ் 2464 மில்லிமீட்டர்தான். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. நாம் மேலே கண்ட வண்டிகள் யாவற்றினும் அது குட்டை. எனினும் நம் தாத்தா பாட்டிமார் அதில் சிரமமின்றி ஏறி இறங்கினர். கூரை உயர்ந்து வளைந்திருந்தது. பின் ஆசனம் கூடத்துச் சோபாவைப் போல் உயர்ந்திருந்தது. அதுவும் ஒரு செடான்தான் என்பதை மறந்துவிடக்கூடாது. தாழ்வது செடானின் விதியன்று. பிற்காலத்து அழகுணர்ச்சி அதைத் தாழ்த்திவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.

எனவே உயர்ந்த வண்டியே முதியோருக்கு உகந்தது என்று உடனே முடிவு செய்துவிடலாமா? அதற்கும் தடையுண்டு. பஜேரோ ஸ்போர்ட் போன்றவை லாரியைப்போல் தனிச் சட்டத்தின்மீது உடலைப் பொருத்திக் கட்டப்பட்டவை. அவற்றின் தளமே தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கும். சேலையுடுத்த குள்ளமான பெண்மணி அதில் ஏறுவது பஸ் படி ஏறுவதற்கு ஒப்பாகும். மேலும், தளம் உயர்ந்திருப்பதால் தளத்திற்கும் ஆசனத்திற்கும் இடையே உயரம் குறைந்துவிடுகின்றது; முழங்கால் மேலெழும்ப, தொடைக்குத் தாங்கல் இல்லாமற் போகின்றது. உடலும் சட்டமும் ஒன்றாக வார்க்கப்பட்ட கிரெட்டா, சிட்ரோயன் போன்றவற்றில் இக்குறை வெகுவாகக் குறைவு. தளம் தாழ்ந்து, ஆசனம் உயர்ந்து நிற்கும் அமைப்பே முதியோருள்ள வீட்டுக்கு ஏற்றதென்பது நம் துணிபு. அது எந்தப் பெயரில் விற்கப்பட்டால் என்ன?

இனி ஏழு பேர் அமரும் வண்டியைப் பற்றி. நம் குடும்பங்களை மிகவும் கவர்வது இதுவே. திருவள்ளூரில் உருவாகி 2023-இல் வெளிவந்த சி3 ஏர்கிராஸின் வீல்பேஸ் 2671 மில்லிமீட்டர். ஐவர் அமரும் வெர்னாவைவிட ஒரே ஒரு மில்லிமீட்டர் அதிகம்! ஏறத்தாழ அதே நீளத்தில் ஒன்று இரண்டு வரிசைகளையும், மற்றொன்று மூன்று வரிசைகளையும் தாங்குகின்றது. அந்த மூன்றாம் வரிசை எங்கிருந்து வந்தது? டிக்கியிலிருந்தும், நடு வரிசையாரின் முழங்காலிலிருந்தும் எடுக்கப்பட்டது. கடைசி வரிசையைக் கழற்றிவிட்டால் அவ்வண்டியின் டிக்கி 511 லிட்டர். மாட்டினால் 44 லிட்டர். மூன்று குடத் தண்ணீர் அளவுதான் அது! ஏழு பேர் ஏறினால் அவர்களுடைய பெட்டிகள் மடியிலும் காலடியிலுமே பயணம் செய்தாக வேண்டும். கழற்றி மாட்ட வழி செய்தவர்கள் அறிவுடன் செய்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கடைசி வரிசைக்கு அனுப்பப்படுபவர் யார்? குழந்தைகள், அல்லது, "எனக்கு எங்கேயும் பரவாயில்லை" என்று சொல்லும் அத்தை. இரு சக்கர அச்சுகளுக்கும் நடுவே அமர்பவருக்குக் குலுக்கல் குறைவு; பின் அச்சின் மேலே அமர்பவரைத்தான் ஒவ்வொரு பள்ளமும் தூக்கிப்போடும். உயர்ந்த வண்டி வளைவுகளிலே கூடுதலாகச் சாயவும் செய்யும். குழந்தை வாந்தியெடுப்பதற்கு வெயிலையும் உண்ட பூரியையும் குறை கூறுகிறோம். அமரவைத்த இடத்தைக் கருதுவதில்லை.

இரண்டாம் வரிசையின் நடுவில் அமர்பவர் நிலையும் இரங்கத்தக்கதே. பின் சக்கரத்துக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டு ஓடும் வண்டிகளில் அவர் காலடியில் ஒரு மேடு இருக்கும். அவருடைய முதுகுக்கு வாய்ப்பதோ பெரும்பாலும் இரு ஆசனங்களின் விளிம்புகள் கூடும் கடினப் பகுதி. 2021-இல் வந்த சிட்ரோயன் சி5 ஏர்கிராஸில் பின்வரிசை மூன்று ஆசனங்களையும் தனித்தனியே, சம அகலத்தில் அமைத்திருந்தார்கள். நடுவில் இருப்பவரும் முழுக் கட்டணம் செலுத்திய பயணியே என்று கருதிய அமைப்பு அது. ஆனால் அதன் விலை நம் வாசகர்களில் பெரும்பாலோர்க்கு எட்டாதது.

வண்டி வாங்கச் செல்லும் குடும்பங்கள் முதியவரை வீட்டில் விட்டுச் செல்லாதிருப்பார்களாக. அவரே மும்முறை ஏறி இறங்கட்டும். ஷோரூமில் புதைந்து கொடுக்கும் மெத்தை ஐந்து நிமிடத்திற்கு இனிக்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து வேளாங்கண்ணி 350 கிலோமீட்டருக்குக் குறையாதென்பதை எண்ணி, கால் மணி நேரமாவது அதில் அமர்ந்திருக்கட்டும். முன் ஆசனத்தை ஓட்டுபவரின் காலுக்கேற்பப் பின்னுக்குத் தள்ளிய பிறகே பின்னால் இருப்பவரின் முழங்காலுக்கு முன் இடம் பார்க்க வேண்டும். விற்பனையாளர் அதனை முன்னுக்குத் தள்ளியே வைத்திருப்பார். தொடையின் பெரும்பகுதி மெத்தையில் படிகிறதா, பாதம் தளத்தில் முழுதாகப் பதிகிறதா, இடுப்பு வார் எல்லா இருக்கைக்கும் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வார் அணியாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகின்றது. ஐவர் வண்டியில் மடிமேல் மடியாக எண்மரை ஏற்றும் நம் வழக்கத்திற்கு எந்த வண்டியிலும் இடமில்லை.

பாட்டி எந்தக் கதவருகே அமர்வார் என்பதையும் அன்றே பேசிக்கொள்ளலாம். சாலையோரமாய் இறங்க வசதியாக இடப்புறமே நல்லது. முன் ஆசனம் என்றால் இன்னும் நல்லது.