நான்கனுள் ஒன்று

வேதியியல் தேர்வைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் பேசப் புகுவது உங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். வேதியியல் தேர்வன்று அப்பாட ஆசிரியரை அறையில் நிறுத்தமாட்டார்கள். எம்போன்றோரையே கண்காணிப்பாளராக நிறுத்துவார்கள். வினாத்தாளையும் அதனை நோக்கும் மாணவர் முகத்தையும் பல்லாண்டு மாறி மாறிப் பார்த்ததால் எனக்குச் சில எண்ணங்கள் தோன்றின.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்களுள் 15, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு உரியவை. ஒவ்வொரு வினாவின் கீழும் நான்கு விடைகள் இருக்கும். "விடை கண்முன்னே கிடக்கின்றது; இதற்குப் படிப்பும் வேண்டுமோ?" என்பார் பலர். பாடநூல் வினாக்களுக்கு 'அ', 'ஈ', 'ஆ' என எழுத்துகளையே உருப்போடுவாரும் உளர். ஒரு தேர்வில் விடைகளின் வரிசை மாறியிருந்தது. முன்வரிசை மாணவன் ஒருவன் வினாத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பு எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டான். ஓராண்டு உழைப்பு அவ்வெழுத்துகளோடு போயிற்று. அவன் சோம்பேறி அல்லன். உழைத்த வழிதான் தவறு.

இத்தகைய தேர்வில் சரியான விடையை அறிவது பாதி வேலையே. ஏனைய மூன்றும் ஏன் தவறு என அறிவது மறுபாதி என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை நீரில் கரைத்து 250 மில்லிலிட்டர் கரைசலாக்கினால் அதன் மோலாரிட்டி யாது? 0.1, 0.4, 0.025, 16 என நான்கு விடைகள் தரப்பட்டுள்ளன என்று கொள்வோம். அச்சேர்மத்தின் மோலார் நிறை 40 கிராம். ஆகவே 4 கிராம் என்பது 0.1 மோல். அது கால் லிட்டரில் அடங்கியிருப்பதால் லிட்டருக்கு 0.4 மோல் ஆகும். இனி மற்றவற்றைப் பாருங்கள். மோல் கண்டவுடன் கணக்கு முடிந்தது என்று நின்றவன் 0.1-ஐக் குறிப்பான். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியவனுக்கு 0.025 கிடைக்கும். மோலையே மறந்து, கிராமைக் கால் லிட்டரால் வகுத்தவன் 16-இல் போய் நிற்பான். பிழை செய்த ஒவ்வொருவனையும் "நீ கண்டதே சரி" என்று தட்டிக்கொடுக்க ஒரு விடை அங்கே காத்திருக்கின்றது! நெடுவினாவில் தவறினால் வழிமுறைக்கேனும் சில மதிப்பெண் கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை.

ஆதலின் பயிற்சியின்போது நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு, நீங்களே விடை கண்டபின் கையை எடுங்கள். பிறகு மற்ற மூன்றும் எந்தப் பிழையிற் பிறந்தவை என்று தேடுங்கள். இதற்கு நேரம் மிகுதியாகும். ஐம்பது வினாக்களை ஓட்டமாகப் படிப்பதினும் பத்து வினாக்களை இவ்வாறு ஆராய்வதையே யான் விரும்புவேன்.

இலக்கண நூலார் விதியைக் கூறியபின் புறனடையும் கூறுவர். வேதியியலிலும் புறனடை உண்டு. வினா பெரும்பாலும் அங்கிருந்தே எழும். சேர்மங்களில் ஆக்சிஜனின் ஆக்சிஜனேற்ற எண் −2 என்பது பொதுவிதி. ஹைட்ரஜன் பெராக்சைடில் அது −1. ஃப்ளூரினோடு சேர்ந்த ஆக்சிஜன் டைஃப்ளூரைடில் +2. விதியை மட்டும் அறிந்தவன் −2 என்பதைக் கண்டதும் மகிழ்ந்து குறித்துவிடுவான்.

விடை பொருளோடு பொருந்துகின்றதா என்றும் நோக்கல் வேண்டும். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். மதிப்பை 8 என்று குறிப்பார் பலர். 25 டிகிரி செல்சியசில் 7-க்கு மேற்பட்டது காரம் அன்றோ? அமிலத்தில் எவ்வளவு நீர் சேர்த்தாலும் அது காரமாகுமோ? நீர் தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் கணக்கிட்டால் விடை 7-க்குச் சற்றுக் குறைவாகவே வரும்.

தெரியாத வினாவை என் செய்வது? பள்ளித் தேர்வில் தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே வெற்றிடம் விடுதல் அறியாமை. நீட் எனப்படும் மருத்துவ நுழைவுத் தேர்விலோ, 2025-ஆம் ஆண்டு வேதியியலுக்கு 45 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 குறையும். நான்கு வினாக்களைக் கண்மூடிக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி, மூன்று தவறி, எஞ்சுவது 1 மதிப்பெண்ணே. ஒவ்வொன்றிலும் இரு விடைகளை உறுதியாகத் தள்ளிவிட்டுக் குறித்தால் இரண்டு சரியாகி 6 எஞ்சும். தவறானதைத் தவறென அறிவதற்கும் மதிப்பு உண்டு என்பதை இக்கணக்கே காட்டுகின்றது.

மொழியாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். 18 கிராம் நீரில் உள்ள மூலக்கூறுகள் எத்தனை என்பது ஒரு வினா; அணுக்கள் எத்தனை என்பது வேறொரு வினா. பின்னதன் விடை முன்னதைப்போல் மும்மடங்கு. ஒரு சொல்லில் விடை மாறுகின்றது. 'பொருந்தாதது எது' என்பதைப் 'பொருந்துவது எது' என்று படித்துவிட்டு, "எனக்குத் தெரிந்ததுதான் ஐயா" என்று வாயிலில் நின்று வருந்துவோர் ஆண்டுதோறும் உளர்.

நீங்கள் தவறிய வினாக்களையும் தவறிய காரணத்தையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். தேர்வுக்கு முந்திய மாலையில் அதனை ஒருமுறை படித்துவிட்டு, நேரத்தோடு விளக்கை அணைத்து உறங்கச் செல்லுங்கள். இரவெல்லாம் விழித்திருந்தவனே மறுநாள் 'பொருந்தாதது' என்னும் சொல்லைக் காணாமற் போகின்றான். பல முறை பார்த்திருக்கின்றேன்.