விடுதிக்குக் கோபுரம் ஏன்?

ஓட்டல் எழுப்புவோர், தாம் எழுப்பும் ஊரின் பழைய கட்டடப் பண்பு அதன்கண் விளங்கவேண்டுமென்று இக்காலத்துப் பெரிதும் விரும்புகின்றனர். விருப்பம் நன்றே. ஆயின் 'பழைய பண்பு' என்றவுடன் அவர் கண் கோயிலையன்றிப் பிறிதொன்றனைக் காண்பதில்லை. வாயிலிற் சுதையாலொரு கோபுரம். முன்றிலில் ஒரு நந்தி. வருவோர் பெயர் பதியும் மேசைக்குப் பின்னே கூத்தப்பெருமான் திருவுருவம். அதற்கு அணித்தாகவே மதுச்சாலை. இதனைப் பண்பாட்டுப் பாதுகாப்பென்று பாராட்டுவாரும் உளர். யாம் பாராட்டேம்.

இஃது இப்போது எழுத நேர்ந்தது போடிநாயக்கனூரைக் கருதியாம். 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன மதுரைப் புகைவண்டி, அகலப்பாதையாகி 2023இல் மீண்டும் போடி வந்தடைந்தது. கொச்சி – தனுக்கோடி நெடுஞ்சாலையோ அவ்வூர் வழியே மேலேறி, 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டினை அடைகின்றது. மூணாறு செல்வார்க்கு அதுவே வழி. விடுதிகள் பெருகுதற்குரிய இடமாதலின் முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும்.

சைவநூல் நெறியிற் கோயில் என்பது அழகியதொரு கட்டட வகை மாத்திரையன்று. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், அடியார் திருவேடத்தோடு ஆலயத்தையும் இறைவனெனவே கொண்டு வழிபடுமாறு பணிக்கின்றது. அதிட்டானம், பாதம், பிரத்தரம், கண்டம், சிகரம், தூபி என்னும் விமானத்தின் ஆறு உறுப்புக்களையும் அடிமுதல் முடியீறாகத் திருமேனியின் உறுப்புக்களாகவே சிற்பநூலார் கொள்வர். கோபுரத்தைத் தூலலிங்கம் என்பது நம்மவர் வழக்கு. தொலைவிற் கண்ட அளவிலே கைகள் தலைமேற் குவிவது அதனாலன்றோ? இங்ஙனமிருக்க, சிகரத்தினுள்ளே தண்ணீர்த்தொட்டியை மறைத்துவைத்து, அதன்கீழ்ப் படுக்கையறைகளை அடுக்கி நாள்வாடகைக்கு விடுவது எத்தகைய செயல்? அதனைக் கண்டு கைகுவித்த எளிய அடியவன் ஏமாற்றப்பட்டானாவான். பலகாற் கண்டு பழகி, இது கோபுரமன்று எனக் கைகுவியாது போவானோ, நாளடைவில் மெய்க்கோபுரத்தின் முன்னும் அவ்வாறே போகக் கற்பான். இரண்டனுட் பின்னது கொடிது.

சென்னைக் கிண்டியில் 2012ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 'ஐடிசி கிராண்ட் சோழா' என்னும் 600 அறை விடுதியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். தஞ்சைப் பெரியகோயிலின் சாயல் கொண்டதெனப் பேசப்படுவது அது. அதன் தொழிற்றிறத்தை யாம் மறுக்கவில்லை. சோழர் பெயரால் விடுதி எழுப்புவோர் சோழர் வாழ்ந்த மனையை நோக்காதது ஏன் என்பதே எம் வினா. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் தொல்லியலார் அகழ்ந்து கண்ட அரண்மனை செங்கற் சுவரும் சுட்ட ஓடும் கொண்டது. கருங்கல்லைக் கடவுட்கு ஆக்கிச் செங்கல்லைத் தனக்கு வைத்துக்கொண்டான், கங்கைவரை வென்ற பேரரசன். அவன் கொள்ளாத விமானத்தை ஓரிரவு தங்கிப்போகும் வழிப்போக்கனுக்கு எடுப்பது எந்தச் சோழர் மரபு?

அற்றேல், திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தர்க்கும் பிற அறங்கட்கும் திருநாவுக்கரசர் திருப்பெயரை இட்டனரே, புனிதமானதைப் பொதுவிடத்திற்கு வைத்தல் தகாதென்பது யாங்ஙனம் எனின், கூறுதும். அவர் இட்டது பெயர், எடுத்தது பந்தர். பந்தரைக் கோயிலாக அவர் வேடமிடவில்லை. நீருக்கு விலையும் கொள்ளவில்லை. அவர் நெறியைப் பின்பற்றுவோம் என்பார் முதலில் அந்தத் தண்ணீரைத் தந்து பழகட்டும்.

இனிப் போடிக்கு உரிய மரபு யாது? ஊரிலே பழைய சமீன் அரண்மனையும் அதன் சுவரோவியங்களும் உள. திண்ணையும் ஓட்டுத் தாழ்வாரமும் உடைய வீடுகள் உள. மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் கூடங்கள் உள. ஆனி ஆடியிற் கணவாய் வழியே வீசும் மேல்காற்றினை அறிந்தோர், மேற்றிசையில் அகன்ற கண்ணாடிச் சுவர் வையார். கூரையைத் தாழ்த்தி, முற்றத்தை நடுவே வைத்து, காற்றினை அடக்கியே உள்ளே விடுவர். விருந்தோம்பும் கட்டடத்திற்கும் நம்மிடம் முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. மதுரைப் புகைவண்டி நிலையத்தெதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்கின்றது. காநாடுகாத்தானில் ஒரு செட்டியார் தம் மகளுக்கென எடுத்த 'விசாலம்' என்னும் மனை இன்று விடுதியாக நடைபெறுகின்றது. அஃது ஒரு வீடு, வீடாகவே நின்று விருந்தினரை ஏற்கின்றது. பொய்வேடம் ஒன்றுமில்லை. செட்டிநாட்டு மனையைப் போடியில் அப்படியே பெயர்த்து வைக்கவும் யாம் சொல்லவில்லை, வழிமுறையையே சொல்கின்றோம்.

வருவோர் கோயிலழகினைக் காண விழைகின்றனரே என்பர். நன்று, ஊரிலேயே பரமசிவன் மலைக்கோயில் இருக்கின்றது. அறைச் சாளரங்களை அதனை நோக்கித் திறந்துவைத்து, அக்காட்சியைப் பிறர்க்கும் மறையாத அளவிற் கட்டடத்தைத் தாழ எடுத்து, ஏறிச்செல்லும் வழியையும் காட்டி விடுக. அதனினும் சிறந்த அலங்காரம் எந்தச் சுதைவேலையாலும் வாராது.

முதலுடையார் இதனைக் கேளாது போகலாம். நாம் கேட்டுக்கொள்வது நம் ஸ்தபதிகளையே. ஆகமம் கற்ற கை அவர்களுடையது. திண்ணைத்தூண் வேண்டின் செதுக்கித் தருக. கதவுநிலை வேண்டின் அதனையும் தருக. மதுச்சாலை வாயிலுக்கு நந்தி வேண்டுமெனின், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுக.