புடிங்குக்கு என்ன கைப்பக்குவம்?

தீபாவளி வந்தால் கண்டிப் பக்கம் நம்ம வீடுகள்ல முறுக்கு, அதிரசத்தோட சொக்லேட் பிஸ்கட் புடிங்கும் இருக்கும். யார் செய்றாங்க? அம்மா, அக்கா, பரீட்சைக்குப் படிக்கிற தங்கச்சி. அண்ணன்மார் எங்கன்னு கேட்டா பழைய பதில்தான்: "அதுக்கெல்லாம் கைப்பக்குவம் வேணும், பொம்பளைங்களுக்குத்தான் வரும்."

அதிரசத்துக்குப் பாகுபதம் பார்க்கணும், ஒத்துக்கிறேன். புடிங்குக்கு என்ன பதம்? பால் சூடாக்குவதைத் தவிர அடுப்பே தேவையில்லை. பட்டர், ஐசிங் சீனி, கொக்கோ மூன்றையும் மிருதுவாகும்வரை அடிக்க வேண்டும். மேரி பிஸ்கட்டை ஆறிய பாலில் சட்டென்று நனைத்து ஒரு அடுக்கு, மேலே கலவை, திரும்பவும் பிஸ்கட். கடைசியில் கஜு தூவி இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்தால் முடிந்தது. கூட நேரம் நனைத்தால் பிஸ்கட் கரையும், அவ்வளவுதான். கரண்டியால் அள்ளிச் சாப்பிடலாம்.

பாட்டிமார் ரகசியமும் இதில் கிடையாது. மேரி பிஸ்கட்டே 1874இல் லண்டனில் பீக் பிரீன்ஸ் கம்பெனி செய்தது. பரம்பரை வழக்கம் என்று சொல்லி இதைப் பெண்கள் தலையில் கட்ட முடியாது.

ஆக, குறை கையில் இல்லை, மனசில். கம்பஸில் பெண் சமத்துவம் பற்றி அசைன்மென்ட் எழுதும் தோழர்களும் வீட்டில் தட்டைத்தான் நீட்டுறாங்க.

இந்தத் தீபாவளிக்கு நீங்க பட்டரை அடிங்க மச்சான். பிசுக்கு ஒட்டின பாத்திரத்தையும் நீங்களே கழுவுங்க. அதுக்கும் கைப்பக்குவம் வேண்டாம்.