பொதுவா நாலு புத்தகம்

போன மாதம் ஒரு வாசகர் கூட்டம். ஆளுக்கு ஐந்து புத்தகம் சொல்லணும். தனக்குப் பிடித்தது, அடுத்தவரும் படிக்க வேண்டியது. என் முறை வந்தது. சிவகாமியின் 'பழையன கழிதலும்', பாமாவின் 'கருக்கு', கே.ஏ. குணசேகரனின் 'வடு', ஈழத்து கே. டானியலின் 'பஞ்சமர்', அம்பேத்கரின் 'சாதியை ஒழிக்கும் வழி' என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ஒருவர் கேட்டார்: "என்ன தோழர், எல்லாம் உங்க ஆளுங்க புத்தகமாவே இருக்கு? பொதுவா நாலு சொல்லக் கூடாதா?"

பொதுவா! இந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். எங்க ஊரில் பொதுக்கிணறு இருந்தது. நாங்க வாளி விட முடியாது. பொதுப்பாதை இருந்தது, எங்க பிணம் அதில் போக முடியாது. இப்ப பொது இலக்கியம். எனக்கு முன்னால் ஒன்பது பேர் பட்டியல் சொன்னார்கள். ஒன்றில்கூட ஒரு தலித் பெயர் இல்லை. "எல்லாம் உங்க ஆளுங்க புத்தகமாச்சே" என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் சொன்னால் ரசனை, நாம் சொன்னால் சாதியா?

ரசனைக்குச் சாதி இல்லை என்பார்கள். கைக்கு வராத புத்தகத்தை எவன் ரசிப்பான்? அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1914இல் இறந்தார். அவர் எழுத்து பெருந்தொகுதிகளாக நம் கைக்கு வந்தது 1999இல். எண்பத்தைந்து வருஷம்! இடையில் தமிழ் உரைநடைக்கு எத்தனை பட்டியல் போட்டார்கள், எத்தனை பேர் அவரைச் சொன்னார்கள்? 1936இல் லாகூர் மாநாட்டுக்கு அம்பேத்கரைக் கூப்பிட்டவர்கள், உரையைப் பார்த்ததும் மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் தன் சொந்தக் காசில் 1,500 பிரதி அச்சடித்தார். மேடை கொடுக்காத பேச்சு கைமாறிக் கைமாறித்தான் நாடெல்லாம் போனது.

எனக்கும் அப்படித்தான். விடுதியில் எனக்கு வந்த 'கருக்கு'க்கு அட்டை கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் குழம்புக் கறை. கொடுத்த அண்ணன் சொன்னார்: "படிச்சிட்டு அடுத்தவனுக்குக் குடுத்துடுடா, பெட்டியில பூட்டி வெக்காத." ராத்திரி வராந்தா விளக்கடியில் உட்கார்ந்து படிச்சேன். எங்க ஆத்தா பேசுற மாதிரிப் பேச்சை அச்சில் போடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு ராத்திரி இல்லையென்றால் இதை எழுதும் ஆள் நானில்லை.

நம்ம ஆட்களுக்கும் ஒன்று சொல்லணும். அம்பேத்கர் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, நூல்தொகுதியைப் பிரிக்காமலே அடுக்கி வைத்திருக்கிறோம். நாம் போடும் பட்டியலில் பெண்களை எங்கே வைக்கிறோம்? ஆண் பெயர்களெல்லாம் முடிந்த பிறகு, "அப்புறம் பாமா" என்று கடைசியில். ஊருக்கு வெளியே சேரி வைத்தவனைத் திட்டுகிறோம்; நம் பட்டியலிலேயே ஒரு சேரி இருக்கிறது. இந்தத் தடவை சிவகாமியை நான் முதலில் சொன்னது தெரிந்தேதான்.

அந்தத் தோழருக்கு அங்கேயே பதில் சொன்னேன்: "இந்த அஞ்சும் பொதுதாங்க. நீங்க படிக்காத வரைக்கும்தான் அது எங்க ஆளுங்க புத்தகம்." பையில் இருந்த 'வடு'வை எடுத்து நீட்டினேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்துக்கும் போவேன். புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கமாட்டேன். படிச்சீங்களா, யாருக்குக் குடுத்தீங்க என்று கேட்பேன்.